தீர்மான நோட்டை வாங்கிப் படியுங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்கு வேதாரண்யம் பக்கம். கடைமடை. சம்பா ஒரு போகம், தண்ணீர் இருந்தால் பிறகு உளுந்து. எங்கள் வயலை ஒட்டிய நிலத்தில் இறால் குட்டை வெட்ட இயந்திரம் வந்து நிற்கிறது. கிராம சபையில் எழுந்து கேட்டோம். 'அதெல்லாம் மேலே முடிவானது, இங்கே பேசக்கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். நோட்டில் எதையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ரொம்பப் பேசினால் நூறு நாள் வேலையில் பெயர் இருக்காது என்று ஒருவர் காதோடு சொல்லிவிட்டுப் போனார். கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையில் மதிப்பு உண்டா? நாலு பேர் கூடி என்ன செய்துவிட முடியும்?
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், வேதாரண்யம் வட்டம்.

பதில்: எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் குலைநோய், புகையான், உளுந்தில் மஞ்சள் தேமல் பற்றியவை. இது வேறு மாதிரிக் கடிதம். ஆனாலும் என் வேலைக்கு வெளியே உள்ளது என்று தள்ள முடியவில்லை. உப்பு ஏறிய வயலுக்கு என்ன நெல் போடலாம் என்று சொல்லத் தெரிந்தவன், உப்பு ஏறாமல் தடுக்கச் சட்டத்தில் இருக்கிற வழியையும் சொல்லத்தானே வேண்டும்? நான் சம்பளம் வாங்குவது அரசிடம். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ இங்கே எழுதவில்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பதையும் உங்கள் ஊர்க்காரர்களே செய்து காட்டியதையும்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. நாலு பேர் கூடி என்ன செய்ய முடியும் என்பதை வேதாரண்யத்திலிருந்து ஒருவர் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில் ரயில் ஏறினால் கடைசி நிலையம் அகஸ்தியம்பள்ளி. அங்கே உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடப் புத்தகம் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி, அதற்கு முந்தைய இரண்டு வாரம். விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டு வாரத்தைத்தான்.

ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள். அன்று திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்கள் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடை. தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டர் ஜே. ஏ. தோர்ன். நடப்பவர்களை அடித்தால் கூட்டம் சேரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர்கள் மேல் கை வைக்காமல் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ திண்ணையில் இடம் கொடுத்தாலோ இந்திய தண்டனைச் சட்டம் 157ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவு. தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள், தமுக்கும் அடித்தார்கள்.

அந்த உத்தரவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பசித்த வயிற்றோடு சித்திரை வெயிலில் நூறு பேர் எத்தனை நாள் நடப்பார்கள்? போலீஸ் ஒரு லத்தியைக்கூடத் தூக்க வேண்டியதில்லை. ஊர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டால் போதும், யாத்திரை வலங்கைமானைக்கூடத் தாண்டியிருக்காது.

ஊர் கதவைச் சாத்தவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே வரவேற்று உபசரித்து, சிறைக்குப் போனார். அவர் பெரிய மனிதர், சட்டசபை உறுப்பினராக இருந்தவர். சிறை அவருக்குக் கௌரவத்தைக் கூட்டியது. அன்றாடங்காய்ச்சிக் குடியானவனுக்கு ஆறு மாதச் சிறை என்றால் அந்த வருஷச் சாகுபடியே போச்சு. அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் ஓய்வெடுக்கிற இடத்தில், மணலுக்குள் அண்டாவோடு சோறு புதைந்திருந்தது. கட்டியது யார், புதைத்தது யார் என்று போலீஸ் கேட்டால் யாருக்கும் தெரியாது. மரத்தையும் மணலையுமா கைது செய்ய முடியும்?

வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை முகாம் ஏற்பாடுகளைச் செய்தார், சிறையும் போனார். ருக்மிணி லட்சுமிபதி போன்ற பெண்கள் கைதானார்கள். ஆனால் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது வைரப்பனைத்தான். முடிதிருத்தும் தொழிலாளி. சத்தியாகிரகிகளை அடிக்கும் போலீஸுக்குத் தொழில் செய்வதில்லை என்று உறுதி எடுத்தவர். மாற்றுடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். மீதியை முடிக்கச் சொன்ன நீதிபதிக்கும் பணியாமல் சிறைக்குப் போனார் என்று ஊரில் சொல்வார்கள். வைரப்பனிடம் நிலமும் இல்லை, பதவியும் இல்லை. கையில் இருந்தது ஒரு கத்தி. அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையைத்தான் அவர் பயன்படுத்தினார்.

பின்னர் கலெக்டர் தோர்ன் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அரசின் மேல் மக்களுக்குப் பக்தி என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது செத்துப்போய்விட்டது என்பது அதன் சாரம். பயமுறுத்தியவரே எழுதிக் கொடுத்தது இது.

உங்கள் கடிதத்தில் 'மேலே முடிவானது' என்பதையும், காதோடு சொன்ன அந்த நூறு நாள் வேலைப் பேச்சையும் படித்தபோது எனக்குத் தோர்னின் உத்தரவுதான் ஞாபகம் வந்தது. சர்வாதிகாரம் என்றால் நாம் டாங்கியும் துப்பாக்கியும் என்று நினைக்கிறோம். ஊருக்குள் அது அப்படி வருவதில்லை. மைக் ஐந்து நிமிடத்தில் அணையும். நோட்டில் பக்கம் காலியாக இருக்கும். கையெழுத்து மட்டும் வேண்டும் என்பார்கள். நீங்கள் போட்டுவிட்டு வந்தால் அது நடந்துவிடும்.

உங்கள் பிரச்சினைக்கே நேரான முன்னுதாரணமும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடலோரம் முழுக்க இறால் பண்ணைகள் வந்தன. ஒரு குட்டை வந்தால் பக்கத்து வயலில் உப்பு ஏறும். உப்பு ஏறிய வயலை உடையவர் விற்பார், அங்கே அடுத்த குட்டை வரும். நடவு, களை, அறுப்பு என்று பிழைத்த தலித் பெண்களுக்கு வேலை போயிற்று, குடிநீர் கரித்தது. அப்போது கூத்தூரில் இருந்த லாஃப்டி இயக்கத்தின் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் அந்தப் பெண்களோடு இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெகந்நாதன் வெள்ளைக்காரன் காலத்திலும் சிறைக்குப் போனவர், 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது சுதந்திர இந்தியாவின் சிறைக்கும் போனவர். இரண்டு ஆட்சியையும் உள்ளேயிருந்து பார்த்த மனிதர்.

மறியலோடு நிற்கவில்லை அவர்கள். உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனத்தை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. விவசாய நிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும். வழக்கமான பாரம்பரிய முறை இறால் வளர்ப்புக்கு மட்டும் விலக்கு.

தீர்ப்பு வந்ததும் பண்ணைகள் எல்லாம் போய்விட்டன என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். சீராய்வு மனு, தடை என்று இழுத்து, கடைசியில் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டமும் 2023இல் திருத்தப்பட்டது. இருந்தாலும் உங்களுக்குப் பயன்படுகிற இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்த முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர். ஆக 'மேலே முடிவானது' என்றால் அந்த மேலே எது என்று கேட்கலாம்: பதிவு எண் என்ன, எந்தத் தேதியில், எந்தச் சர்வே எண்ணுக்கு? பதில் இல்லை என்றால் மேலே எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

இனி கிராம சபைக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் கிராம சபையைச் சட்ட அமைப்பாக்கியது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் அது இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். யாரும் உங்களை அழைத்துச் சேர்க்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது. சட்டமன்றத்துக்கு நாம் ஆள் அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே உட்காருகிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் இருபது பேர் வந்து, மீதிக் கையெழுத்து வீடு வீடாகப் போய் வாங்கப்படுகிறது. அந்தக் கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பதும் நாம்தான்.

தீர்மானத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியுமா? முடியாது. ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 12 கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. ஆனால் அது வன உரிமைச் சட்டம் தந்த பலம், நம் வயல் பகுதிக்கு அப்படியே பொருந்தாது. நம் டெல்டாவில் தீர்மானம் வேறு விதமாக வேலை செய்திருக்கிறது. 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆய்வுக்காகத் தோண்டும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விதியை மாற்றியது. மீத்தேன், நெடுவாசல், கதிராமங்கலம் என்று வருஷக்கணக்கில் ஊர் ஊராக எழுந்த எதிர்ப்பும், கிராம சபைகளில் குவிந்த தீர்மானங்களும் அப்போது முன்னால் நின்றன. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. உங்கள் நாகப்பட்டினம் மாவட்டமும் அதற்குள் வருகிறது. 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு என்று மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். விவசாயிகள் கொதித்தார்கள், சட்டமன்றமும் பேசியது, சில நாளிலேயே பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

தீர்மானத்துக்கு மதிப்பு இல்லை என்றால் அதைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லையே. 2020 அக்டோபர் 2 ஞாபகம் இருக்கிறதா? மூன்று வேளாண் சட்டங்கள் வந்த நேரம். அவற்றை எதிர்த்துத் தீர்மானம் போடப் பல ஊர்கள் தயாராக இருந்தன. முந்தைய நாள் இரவில் மாநிலம் முழுக்கக் கிராம சபைகள் ரத்து என்று அறிவிப்பு வந்தது. கொரோனா காரணம் என்றார்கள்.

கேட்காமல் போடுகிற உத்தரவு என்ன ஆகும் என்பதற்குக் கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 2020இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி எல்லா அதிகாரமும் ஜனாதிபதி கையில் குவிக்கப்பட்டது. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார் கோட்டாபய ராஜபக்ச. இயற்கை வேளாண்மை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் தழையுரமும் தொழுவுரமும் எங்கிருந்து வரும், எத்தனை பருவம் ஆகும் என்று வயலில் நிற்பவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களே கணக்குச் சொல்லியிருப்பார்கள். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் ஒரு போகம் கெட்டுவிட்டது. அந்தக் கோபமும் பிற்பாடு வந்த தட்டுப்பாடும் சேர்ந்து 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டே போக நேர்ந்தது.

உங்கள் ஊருக்கு இப்போது ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாகப்பட்டினம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243ஈ பிரிவு. 2016இலிருந்து 2019 கடைசி வரையும் இப்படித்தான் ஓடியது. தனி அலுவலர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பல ஊராட்சிகளைத் தலையில் சுமக்கிறார்கள், பாவம். ஆனால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது மாதிரி அவரிடம் போட முடியாது. தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லாத காலத்தில் ஊரில் மிச்சம் இருக்கிற ஒரே ஜனநாயகம் கிராம சபைதான். இப்போது நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? அடுத்த கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை ஒரு தாளில் எழுதி, இருபது முப்பது பேர், அதில் பாதிப் பேராவது பெண்கள், கையெழுத்துப் போட்டு ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைப் பதிவுத் தபாலில் பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். தீர்மானம் நீளமாக வேண்டாம். சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பக்கத்தில் உள்ள குடிநீர்க் கிணறு எத்தனை மீட்டர், வடிகால் எது, 1996 தீர்ப்பு, பதிவு எண் கேட்கிறோம் – இவ்வளவு போதும். 'வாழ்வாதாரம் காப்போம்' என்கிற வரியைப் பேனரில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதை வாசித்து, நோட்டில் எழுதும் வரை நில்லுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். காலிப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் வைரப்பன் செய்ததைச் செய்யுங்கள்.

நடந்து முடிந்த கூட்டத்தின் நோட்டையும் விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் மனு, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை. 'இன்ன தேதி கிராம சபையின் தீர்மானப் பக்கங்களும் வருகைப் பதிவும் நகல் வேண்டும், அசல் நோட்டை நேரில் பார்க்கவும் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நீங்கள் பேசாத விஷயத்துக்கு உங்கள் கையெழுத்து இருந்தால் அதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஒரே ஒரு முறை இப்படி ஊர் முன்னால் வாசித்துவிட்டால், அதற்குப் பின் எழுதுகிறவர் கை கவனமாகத்தான் எழுதும்.

மிக முக்கியமானது, குட்டை வெட்டும் முன்பே உங்கள் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து வைத்துக்கொள்வது. பின்னால் உப்பு ஏறிவிட்டது என்றால் 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்பார்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, அரை அடி ஆழத்துக்கு வி வடிவத்தில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறையுங்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். இ.சி. எனப்படும் உப்பின் அளவும் கார அமிலத்தன்மையும் தேதியோடு தாளில் வரும். குடிநீர்க் கிணறு, நாலு திசையிலும் ஒவ்வொரு வயல் என்று ஐந்து மாதிரியாவது எடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். நீரி வந்து அளந்ததால்தான் அந்த வழக்கு நின்றது. உங்கள் தீர்மானத்தோடு இந்தத் தாளையும் சேருங்கள்.

நூறு நாள் வேலை பற்றிக் காதோடு சொன்ன பேச்சு. வேலை யாரும் போடுகிற பிச்சை இல்லை. கேட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும், இல்லையென்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். அதற்கு எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்காமல் தெருவே சேர்ந்து மனு கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். ஒருவர் பெயரை விடலாம், நாற்பது பேர் பெயரைச் சேர்ந்தாற்போல் விட எந்த அலுவலகமும் யோசிக்கும்.

அதே வாசகர் கடிதத்தின் கீழே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: உறவினர் வயலில் ஏற்கெனவே குட்டைத் தண்ணீர் கசிந்து நாற்று கருகுகிறது, ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. இது உவர். கடல் உப்பு கரைந்து நிற்கிற நிலத்தில் ஜிப்சம் மட்டும் போட்டால் பணம்தான் கரையும். முதலில் குட்டைக்கும் வயலுக்கும் நடுவில் ஆழமான கசிவு வாய்க்கால் வெட்டி, அதை வடிகாலில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பை உயர்த்தித் தண்ணீரைத் தேக்கி, இரண்டு மூன்று நாள் நிறுத்தி, வடித்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் மேல் மண் உப்பு இறங்கும். முடிந்தால் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழலாம். இ.சி. 4க்கு மேல் இருந்தால் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 ரகங்கள் தாங்கும். நம் கடலோரத்துக் குழியடிச்சானும் தாங்கும், விதை கிடைத்தால் விடாதீர்கள். நாற்றை இளசாகப் பறிக்காமல் 30 நாள் வயதில், குத்துக்கு மூன்று நான்காக நெருக்கி நடச் சொல்லுங்கள். நடும் முன் அந்த வயலிலும் ஒரு மண் மாதிரி எடுத்துவிடட்டும்.